பஸ்ஸின் தலை எங்கே?

"பஸ்" என்ற வார்த்தை தெரியாத தமிழர் கிடையாது. பள்ளிக்கூடப் படியை மிதிக்காத பாட்டி கூட, "பஸ் வந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறாள்.

ஆனால் அந்த வார்த்தைக்குத் தலை இல்லை! வெறும் வால்தான் இருக்கிறது. தலை எங்கே போயிற்று?

முழு வார்த்தை "ஆம்னிபஸ்" என்பது. அது லத்தீன் மொழி. "எல்லாருக்கும்" என்று பொருள். பணக்காரர்களின் சொந்தக் கோச்சு வண்டி போல் அல்லாமல், காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்பதால் இந்தப் பெயர். முதலில் பிரான்சு நாட்டில் ஓடியது. 1829-ம் ஆண்டு ஜூலை மாதம், ஜார்ஜ் ஷில்லிபீர் என்பவர் லண்டனில் இந்த வண்டியை விட்டார். மூன்று குதிரைகள் அதை இழுத்தன.

பெயரோ நீளம். ஏறி இறங்கும் ஜனங்களுக்கோ அவசரம். "ஆம்னி"யை வெட்டி எறிந்தார்கள். "பஸ்" மட்டும் மிஞ்சியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிஞ்சிய "பஸ்" என்பதற்கு லத்தீனில் தனியாக ஒரு பொருளும் கிடையாது. அது வார்த்தையின் கடைசியில் ஒட்டும் ஒரு துண்டு, அவ்வளவுதான். "எல்லாருக்கும்" என்பதில் "எல்லா" போய், "ருக்கும்" மட்டும் நின்றால் எப்படி இருக்கும்? "மதுரை ருக்கும் புறப்பட்டுவிட்டதா?" என்று கேட்பது போல் இருக்கும்! இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் பேசினார்கள். அதுவே உலகம் எங்கும் பரவிவிட்டது.

தமிழ்நாட்டில் இன்று, தனியார் விடும் நெடுந்தூர பஸ்களுக்கு "ஆம்னி பஸ்" என்று பெயர். அறுந்துபோன தலை, கடல் கடந்து வந்து, மறுபடியும் உடம்போடு ஒட்டிக்கொண்டது!

தலை போனதும் வால் போனதும்

இப்படி வெட்டுப்பட்ட வார்த்தைகள் இங்கிலீஷில் ஏராளம்.

"டெலிபோன்" தலையை இழந்து "போன்" ஆயிற்று. "போட்டோகிராப்" வாலை இழந்து "போட்டோ" ஆயிற்று. "எக்சாமினேஷன்" என்ற பரீட்சை "எக்சாம்" ஆயிற்று. "இன்ஃப்ளூயன்சா" என்ற காய்ச்சல், தலையையும் இழந்து வாலையும் இழந்து "ஃப்ளூ" ஆகிவிட்டது.

சினிமா நடிகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் "ஃபேன்" உண்டு அல்லவா? அது "ஃபெனடிக்" என்பதன் சுருக்கம் என்று அகராதிகள் கூறுகின்றன. வெறி பிடித்தவர் என்று பொருள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. காற்று வாங்கும் "ஃபேன்" வேறு. அதன் வேரே வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஓசை. அதனால் தமிழில் ரசிகருக்கு "விசிறி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு குட்டை வார்த்தை செய்த குறும்பு அது!

தமிழுக்கும் இந்த வழக்கம் புதிது அல்ல. தஞ்சாவூர், தஞ்சை ஆயிற்று. கோயம்புத்தூர், கோவை ஆயிற்று. இதற்கு "மரூஉ" என்று பெயர் கொடுத்து, இலக்கணத்திலேயே இடமும் கொடுத்தார்கள் தமிழ்ப் புலவர்கள்.

ஆகவே, வார்த்தையைச் சுருக்குவது சோம்பேறித்தனம் அல்ல. அடிக்கடி சொல்லும் வார்த்தை தேய்ந்துபோகும். அடிக்கடி நடக்கும் படிக்கல் தேய்வது போலத்தான்.

என்றாலும், வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழகாதவர்களுக்கு இந்தக் குட்டை வார்த்தைகள் பெருந்தொல்லை. புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கிறது. பேச்சில் வேறு மாதிரி வருகிறது. செல்போனில் இன்னொரு மாதிரி வருகிறது. எது சரி, எது தப்பு என்று தெரியாமல் திணறுகிறார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்கும் பிள்ளைகள், தப்பாக எழுதினால் சிரிப்பார்களே என்று பயந்து, எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயம் தேவை இல்லை. இந்த வார்த்தைகளின் ஜாதகத்தைப் பார்த்தால், பயம் தானாகப் போய்விடும்.

இல்லாத எழுத்து வந்தது எப்படி?

"ரெஃப்ரிஜிரேட்டர்" என்பதைச் சுருக்கி "ஃபிரிட்ஜ்" என்கிறார்கள். முழு வார்த்தையில், "டாக்டர்" என்பதற்கு முதலில் வரும் "டி" எழுத்து கிடையவே கிடையாது. ஆனால் குட்டை வார்த்தையில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது!

காரணம் இதுதான். இங்கிலீஷில் "ஜி" என்ற எழுத்து, வார்த்தையின் கடைசியில் தனியாக நின்றால் "க்" என்று ஒலிக்கும். பன்றிக்கு "பிக்" என்றும், நாய்க்கு "டாக்" என்றும் சொல்வது அப்படித்தான். முழு வார்த்தையை அப்படியே வெட்டி நிறுத்தினால் "ஃபிரிக்" என்று படித்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு வழி வேண்டும். பாலத்துக்கு "பிரிட்ஜ்" என்று ஒரு வார்த்தை ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்து, "டி", "ஜி", "இ" என்ற மூன்று எழுத்துக்களையும் கடைசியில் போட்டார்கள்.

ஆரம்பத்தில் "டி" இல்லாமலும் எழுதினார்கள். நாளாக ஆக, "டி" போட்டதே நிலைத்தது.

"பைசிக்கிள்" என்பதில் "கே" எழுத்து இல்லை. ஆனால் "பைக்" என்பதில் உண்டு. சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சலுகைக்கு "பெர்க்விசிட்" என்று பெயர். அதில் வருவது "கியூ" எழுத்து. சுருக்கி "பெர்க்" என்று எழுதும்போது "கியூ" போய் "கே" வந்துவிடும்.

மேடையில் வைக்கும் "மைக்" இருக்கிறதே, அதன் கதை இன்னும் வேடிக்கையானது. முழுப் பெயர் "மைக்ரோபோன்". முதலில் அதைச் சுருக்கி, "எம், ஐ, கே, இ" என்று எழுதினார்கள். பிறகு, முழு வார்த்தையில் உள்ளபடியே "எம், ஐ, சி" என்று எழுதும் வழக்கமும் வந்தது. கருவிகளின் மேல் அப்படித்தான் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தால் அது "மிக்" என்றுதான் வரும். ஆனாலும் எல்லாரும் "மைக்" என்றே படிக்கிறார்கள்! இன்று இரண்டும் அகராதியில் உண்டு. இரண்டும் சரி.

இன்னும் ஒன்று. "ஹீரோ" என்பதற்குப் பன்மை எழுதும்போது, கடைசியில் "இ, எஸ்" என்று இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும். ஆனால் "போட்டோ"வுக்கு "எஸ்" மட்டும் போதும். "கிலோ"வுக்கும் அப்படியே. "பியானோ"வுக்கும் அப்படியே. ஏன் தெரியுமா? இவை எல்லாம் வால் அறுந்த வார்த்தைகள். "போட்டோகிராப்", "கிலோகிராம்", "பியானோபோர்ட்" என்பவற்றின் சுருக்கங்கள்.

காரணம் தெரிந்தால், மனப்பாடம் செய்யும் பாரம் குறைகிறது.

எழுத முடியாத வார்த்தை!

வாயால் சொல்லலாம், காதால் கேட்கலாம், ஆனால் எழுத முடியாது. இப்படியும் ஒரு வார்த்தை இங்கிலீஷில் இருக்கிறது!

"யூஷுவல்" என்றால் வழக்கமானது. தினமும் போகும் ஓட்டலில், "என்ன வேண்டும்?" என்று கேட்டால், "வழக்கம் போல" என்று சொல்வார்கள் அல்லவா? அந்த இடத்தில் இங்கிலீஷ் பேசும் இளைஞர்கள் "யூஷுவல்" என்பதையும் சுருக்கி, "யூஷ்" என்கிறார்கள்.

அதை எப்படி எழுதுவது? முழு வார்த்தையின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்தால் "அஸ்" என்று ஆகிவிடும். அதற்கு "எங்களை" என்று பொருள். கடைசியில் "இ" சேர்த்தால் "யூஸ்" என்று ஆகிவிடும். அதற்கு "உபயோகி" என்று பொருள். "இசட்", "எச்" இரண்டையும் சேர்த்துச் சிலர் எழுதுகிறார்கள். "ஒய்" எழுத்தில் தொடங்கி, இரண்டு "ஓ" போட்டுச் சிலர் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஒரு விதம்!

"பிளெஷர்", "டெலிவிஷன்" என்ற வார்த்தைகளின் நடுவே வரும் அந்த ஓசைக்கு, இங்கிலீஷில் தனி எழுத்து இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பெரிய பெரிய பட்டதாரிகளும், இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இந்த இடத்தில் விழிக்கிறார்கள். பேச்சு முதலில் பிறக்கிறது. எழுத்து அதன் பின்னால் மூச்சு வாங்க ஓடி வருகிறது. எழுதத் தெரியாதவன் பேசத் தெரியாதவன் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

தோற்றுப்போன மேதை

குட்டை வார்த்தைகளைக் கண்டு கோபப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமானவர் ஜோனதன் ஸ்விப்ட். குள்ளர்கள் தேசத்துக்குப் போன கல்லிவரின் கதையை எழுதிய அதே மேதைதான்.

1710-ம் ஆண்டு, "டாட்லர்" என்ற பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். வார்த்தைகளை வெட்டிச் சிதைக்கிறார்களே என்று வெகுண்டு எழுதினார். அவருடைய கோபத்துக்கு ஆளான வார்த்தைகளில் ஒன்று "மாப்" என்பது. கும்பல் என்று பொருள். "மொபிலே வல்கஸ்" என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. நிலையில்லாமல் அலைபாயும் ஜனக்கூட்டம் என்பது அந்தத் தொடரின் பொருள்.

இந்த வார்த்தையை ஒழிக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டும், எதிர்த்து நின்றவர்களின் எண்ணிக்கை தம்மைத் தோற்கடித்துவிட்டது என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். கும்பலை எதிர்த்தவர், கும்பலிடமே தோற்றார்!

1755-ம் ஆண்டு சாமுவேல் ஜான்சனின் பெரிய அகராதி வெளிவந்தது. அதில் "மாப்" கம்பீரமாக இடம் பிடித்துவிட்டது. ஸ்விப்ட் கண்டித்த வேறு சில சுருக்கங்கள் தாமாகவே மறைந்தும் போயின.

எது நிற்கும், எது மறையும் என்பதைத் தீர்மானிப்பது பண்டிதர் அல்ல. வாயால் பேசும் ஜனங்கள்தான்.

கொக்கியின் கூத்து

இங்கிலீஷில் எழுத்தை விட்டுவிட்ட இடத்தில், மேலே ஒரு சிறு கொக்கி போடுவது உண்டு. "அபாஸ்ட்ரபி" என்று அதற்குப் பெயர். "டூ நாட்" என்பதை "டோன்ட்" என்று எழுதும்போது போடுகிறார்களே, அதுதான்.

ஒரு காலத்தில் "பஸ்"ஸுக்கு முன்னாலும், "போன்"னுக்கு முன்னாலும், "ஃப்ளூ"வுக்கு முன்னாலும் கூட இந்தக் கொக்கியைப் போட்டார்கள். "இங்கே தலை போய்விட்டது" என்பதற்கு அடையாளம் அது. வார்த்தை பழகப் பழக, கொக்கி தேவைப்படவில்லை. தானாக உதிர்ந்துவிட்டது.

நாடக மேதை பெர்னாட்ஷாவுக்கு இந்தக் கொக்கியே பிடிக்காது. தம்முடைய புத்தகங்களில் "டோன்ட்", "கான்ட்" முதலியவற்றைக் கொக்கி இல்லாமலே அச்சிடச் செய்தார். அவர் பெர்னாட்ஷா; செய்தார். மற்றவர்கள் செய்தால் தப்பு என்றுதான் பரீட்சையில் மார்க்கைக் குறைப்பார்கள்!

படித்தவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "இட்ஸ்" என்ற வார்த்தை. கொக்கி போட்டால் "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்பதன் சுருக்கம். கொக்கி போடாவிட்டால் "அதனுடைய" என்று பொருள். சந்தேகம் வந்தால், "இட் இஸ்" என்றும் "இட் ஹாஸ்" என்றும் விரித்துப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்றாவது பொருந்தினால் கொக்கி உண்டு. இரண்டுமே பொருந்தாவிட்டால் கொக்கி கிடையாது. இந்த ஒரு சோதனை போதும்.

பன்மைக்குக் கொக்கி வேண்டாம். "போட்டோஸ்" என்று எழுதும்போது நடுவில் கொக்கி போடுவது தப்பு. அங்கே எந்த எழுத்தும் விடுபடவில்லை.

"மிஸ்டர்" என்பதைச் சுருக்கி எழுதினால் புள்ளி வைக்க வேண்டுமா? அமெரிக்காவில் வைக்கிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் வைப்பது இல்லை. கணக்குப் பாடத்தைச் சுருக்கும்போது பிரிட்டனில் "மேத்ஸ்", அமெரிக்காவில் "மேத்". இவற்றில் எதுவும் தப்பு அல்ல. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஓ.கே. பிறந்த கதை

"இப்போதைய பிள்ளைகள் செல்போனை வைத்துக்கொண்டு இங்கிலீஷையே கெடுத்துவிட்டார்கள்" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். செல்போன் வருவதற்கு முன்பு கெடுத்தவர்கள் யார்?

உலகமே சொல்லும் "ஓ.கே."யை எடுத்துக்கொள்வோர், அதன் பிறப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். "ஆல் கரெக்ட்" என்றால் எல்லாம் சரி. அதை வேடிக்கைக்காக, வேண்டும் என்றே தப்பாக, "ஓ" எழுத்தும் "கே" எழுத்தும் முதலில் வரும்படி எழுதினார்கள். அதையும் சுருக்கினார்கள். 1839-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் அது அச்சில் வந்தது. "எல்லாம் சரி" என்று சொல்லும் வார்த்தையே ஒரு எழுத்துப் பிழையில் பிறந்தது!

"ஓ மை காட்" என்பதை "ஓ.எம்.ஜி." என்று மூன்று எழுத்தில் முடிப்பது இக்காலப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பா? இல்லை. 1917-ம் ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்த பிஷர் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. அப்போது பிஷருக்கு வயது 76!

தந்தி இருந்த காலத்தில், வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் வார்த்தைகளைக் குறைத்தார்கள். 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு இந்தியாவில் தந்தி நின்றுபோயிற்று. 1992-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, முதல் செல்போன் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துத்தான் இடம். அதனால் எழுத்துக்களைக் குறைத்தார்கள். காசும் இடமும் குறைந்தால் வார்த்தையும் குறையும். இது மனித இயல்பு.

எங்கே, எதை எழுதுவது?

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா? கூடாது.

வீட்டுத் திண்ணையில் தோளில் துண்டோடு உட்காரலாம். அதே கோலத்தில் பெண் பார்க்கப் போனால், பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? துண்டின் மேல் குற்றம் இல்லை, இடம்தான் வேறு. வார்த்தைக்கும் அப்படித்தான்.

இந்தக் குட்டை வார்த்தைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

முதல் வகை: முழு வார்த்தையை விரட்டிவிட்டுத் தாமே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டவை. பஸ், டாக்சி, மாப், ஃபேன் முதலியவை. இவற்றை எங்கும் எழுதலாம். கலெக்டருக்கு மனு எழுதினாலும் "பஸ்" என்றே எழுதலாம். "ஆம்னிபஸ்" என்று எழுதினால்தான் விழிப்பார்கள்.

இரண்டாவது வகை: நெட்டையும் குட்டையும் சேர்ந்தே உயிர் வாழ்பவை. போன், போட்டோ, எக்சாம் முதலியவை. பேச்சிலும், நண்பர் கடிதத்திலும் குட்டை போதும். மனுவிலும் விண்ணப்பத்திலும் நெட்டை நல்லது. "டோன்ட்" என்பதையும் அங்கே "டூ நாட்" என்று விரித்து எழுதுவதே மரியாதை.

மூன்றாவது வகை: வாயோடும் செல்போனோடும் நிற்க வேண்டியவை. "யு" என்ற ஒற்றை எழுத்தைப் போட்டு "நீங்கள்" என்று சொல்வது. "பிளீஸ்" என்பதை மூன்று எழுத்தில் முடிப்பது. "பிகாஸ்" என்பதை "காஸ்" ஆக்குவது. இவை தோழர்களுக்குள் இருக்கலாம். வேலை கேட்கும் விண்ணப்பத்தில் இருக்கக் கூடாது.

விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி, எழுதியவரை நேரில் பார்த்தது இல்லை. அவருடைய உழைப்பும் நல்ல குணமும் அந்தக் காகிதத்தில் தெரிவது இல்லை. எழுத்து ஒன்றுதான் தெரிகிறது. தாயும் தகப்பனும் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த பிள்ளையின் விண்ணப்பம், ஒற்றை எழுத்துச் சுருக்கம் ஒன்றால் ஒதுக்கி வைக்கப்பட்டால், நஷ்டம் யாருக்கு?

ஆகவே, முழு வார்த்தையை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். குட்டை வார்த்தை பிறகு தானாக வரும். முழுசாகத் தெரிந்தவன் சுருக்கினால் அது சாமர்த்தியம். முழுசாகத் தெரியாமல் சுருக்கினால், தேவைப்படும்போது விரிக்க முடியாது.

சிரிப்பது சரியா?

தப்பாக எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை.

"ஃபிரிட்ஜ்" என்பதை ஒரு பிள்ளை "டி" இல்லாமல் எழுதினால், அது மூளை இல்லாமல் எழுதவில்லை. முழு வார்த்தையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறது. அந்த வார்த்தையை முதன்முதலில் எழுதிய இங்கிலீஷ்காரர்களில் சிலரும் அப்படித்தான் எழுதினார்கள். "மைக்" என்பதில் "கே" எழுத்தைத் தேடும் பிள்ளை, ஓசையைக் காதால் சரியாகக் கேட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குத் தேவை சிரிப்பு அல்ல, காரணம். "ஏன் அங்கே அந்த எழுத்து வந்தது?" என்று இரண்டு நிமிஷம் சொல்லிக்கொடுத்தால், அது ஆயுள் முழுவதும் மறக்காது. சிரித்தாலோ, அந்தச் சிரிப்பை ஆயுள் முழுவதும் மறக்காது, வார்த்தையை மறந்துவிடும்.

ஸ்விப்ட் போன்ற மேதையாலேயே ஒரு குட்டை வார்த்தையைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. இங்கிலீஷ்காரர்களுக்கே "யூஷ்" என்று எழுதத் தெரியவில்லை. இந்த நிலைமையில், நேற்றுப் பேனா பிடித்த ஒருவர் ஒரு எழுத்தைத் தவறவிட்டால் அது மானக்கேடு அல்ல. திருத்திக்கொண்டு அடுத்த வரியை எழுத வேண்டியதுதான்.